வியன்னாவா, பிராக்கா? மியூனிக்கில் படிப்பவர்கள் வார இறுதிப் பயணத்தை முடிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மியூனிக்கில் படிக்க வந்த முதல் செமஸ்டரிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். வெள்ளி மதியம் வகுப்பு முடிந்ததும் கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். வியன்னா போகலாமா, பிராக் போகலாமா? வாட்ஸ்அப் குழுவில் வாரக்கணக்கில் பேசுவார்கள். அதற்குள் டிக்கெட் விலை ஏறிவிடும். கடைசியில் எது மலிவாகக் கிடைத்ததோ அதில் ஏறிப் போய் இறங்கினால், பார்க்க நினைத்த இடம் அன்றைக்கென்று பூட்டியிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் சரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், ஆனால் தலைகீழாகக் கேட்கிறார்கள். டிக்கெட் விலையில் தொடங்கி, விடுமுறை நாளையும் விசாவையும் கடைசியில் பார்க்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் அடுத்த படியின் வேலையைக் குறைக்கும். உதாரணம் முழுக்க மியூனிக்கிலிருந்து போகிற இந்த இரண்டு ஊர்கள்தான். ஐரோப்பாவில் வேறு எங்காவது படிக்கிறீர்கள் என்றால் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

தொடங்கும் முன்

பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை, காப்பீட்டு அட்டை மூன்றையும் மேசையில் எடுத்து வையுங்கள். செமஸ்டர் கால அட்டவணையைத் திறந்து வையுங்கள். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு இரண்டு ஊரின் பெயரையும் எழுதுங்கள். போனில் பத்து பக்கங்களைத் திறந்து வைத்து ஒப்பிடுவதைவிட ஒரே தாளில் எழுதினால் முடிவு சீக்கிரம் வரும். ஒரு மாலைப் பொழுது போதும்.

1. காகிதம் சரியா என்று பாருங்கள்

இதில் ஒரு ஊர் அடிபட்டால் மற்ற எந்தக் கணக்கும் தேவையில்லை. அதனால்தான் இது முதல் படி.

ஜெர்மனியின் ரெசிடென்ஸ் பெர்மிட்டோ காலாவதியாகாத டி வகை தேசிய விசாவோ இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது விசா விதியால் இணைந்த ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். வியன்னா இருக்கும் ஆஸ்திரியாவும் பிராக் இருக்கும் செக் குடியரசும் ஷெங்கன் நாடுகள்தான். ஆகவே இந்த ஜோடியில் காகிதத்தால் எந்த ஊரும் அடிபடாது.

எல்லா ஜோடியும் இப்படி இல்லை. பாரிஸா லண்டனா என்று யோசிக்கிறவர்கள் இங்கேயே நின்றுவிட வேண்டும். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனுக்கு வெளியே உள்ளன. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் ஜெர்மன் பெர்மிட்டை மட்டும் காட்டி அங்கே நுழைய முடியாது. டப்ளினில் படிப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பெல்ஃபாஸ்டுக்கு ரயில் ஏறினால் எல்லையில் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை கிடையாது, ஆனால் அது பிரிட்டன். யாரும் கேட்கவில்லை என்பதற்காக விசா தேவையில்லை என்று ஆகிவிடாது.

பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அந்த இடைக்காலத்துக்கு வெளிநாட்டவர் அலுவலகம் தரும் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற தாள் ஜெர்மனிக்குள் இருக்க உதவும். அதை மட்டும் நம்பி இன்னொரு நாட்டுக்குக் கிளம்பாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அது வரும்வரை ரேகன்ஸ்பர்க், நியூரம்பர்க் என்று உள்நாட்டிலேயே சுற்றலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அசல் ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் படம் போதாது. ஷெங்கனுக்குள் சோதனையே இல்லை என்பது பழைய நினைப்பு. ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி 2015 முதலே சோதனை செய்கிறது. 2024 செப்டம்பர் 16-இலிருந்து தன் எல்லா நில எல்லைகளுக்கும் அதை விரிவாக்கியது. ஞாயிறு இரவு திரும்பும்போது ரயிலிலோ பஸ்ஸிலோ போலீஸ் ஏறிப் பார்ப்பது சாதாரணம்.

ஜெர்மன் அரசுச் சுகாதாரக் காப்பீட்டில் இருப்பவர்களின் அட்டையின் பின்பக்கமே ஐரோப்பிய காப்பீட்டு அட்டை. அவசரச் சிகிச்சைக்கு இரண்டு நாட்டிலும் அது பயன்படும். தனியார் காப்பீடு எடுத்தவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

2. ஊருக்கு முன் தேதியை முடிவு செய்யுங்கள்

ஊரை முடிவு செய்துவிட்டு அப்புறம் தேதி தேடுவதுதான் எல்லாரும் செய்வது. மாற்றிச் செய்யுங்கள். ஒரே ஊர் நவம்பரில் ஒன்றாகவும் மே மாதத்தில் வேறாகவும் இருக்கும். தேதி தெரியாமல் இரண்டு ஊரை ஒப்பிட்டால் யார் மனதில் எந்த மாதம் ஓடுகிறது என்றே தெரியாது. பாதிச் சண்டை அதனால்தான்.

திங்கள் காலை தேர்வோ அசைன்மென்ட் கெடுவோ இருக்கும் வாரங்களை முதலில் அடித்துவிடுங்கள். ரயிலில் எழுதிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எழுதுவதும் இல்லை, ஊர் பார்ப்பதும் இல்லை.

அடுத்து மூன்று நாட்டு விடுமுறைகளையும் பாருங்கள். நவம்பர் 1 மியூனிக் உள்ள பவேரியா மாநிலத்திலும் ஆஸ்திரியாவிலும் விடுமுறை. அக்டோபர் 26 ஆஸ்திரியாவின் தேசிய நாள், அக்டோபர் 28 செக் குடியரசின் தேசிய நாள். இவை வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் உள்ளூர்க்காரர்களும் கிளம்பிவிடுவார்கள், ரயிலும் அறையும் நிரம்பும். அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா நடக்கும் செப்டம்பர் பிற்பாதி வார இறுதிகளில் மியூனிக் நிலையமே திணறும். அப்போது வெளியே போவது நல்ல யோசனைதான், ஆனால் இருக்கை பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

சின்ன விஷயம் இரண்டு. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னே போகும், அந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். ஜூலை, ஆகஸ்டில் வியன்னா ஸ்டேட் ஆபராவில் வழக்கமான நிகழ்ச்சிகள் கிடையாது. அதற்காகவே வியன்னா என்பவர்கள் அந்த மாதங்களை விட்டுவிடலாம்.

ஒத்துவரும் தேதிகளில் ஒன்றை முதலாவதாகவும் இன்னொன்றை மாற்றாகவும் தாளின் மேலே எழுதுங்கள். இனி வரும் ஒப்பீடு எல்லாம் அந்த முதல் தேதிக்கு மட்டும்.

3. கையில் மிஞ்சும் மணியைக் கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். வார இறுதிப் பயணத்தில் பணத்தைவிட அரிதான சரக்கு நேரம். அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வரைபடத்தில் பார்த்தால் பிராக்தான் அருகில். நேர்க்கோட்டில் பிராக் சுமார் 300 கிலோமீட்டர், வியன்னா சுமார் 355. ஆனால் வியன்னாவுக்கு நேரடி ரெயில்ஜெட் (ஆஸ்திரிய விரைவு ரயில்) ஏறினால் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் போய்விடலாம். பிராக் நேரடி ரயில் ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும். ரேகன்ஸ்பர்குக்கு வடக்கே செக் எல்லை வரை மின்மயமாகாத பாதை, வளைவுகள், இடையில் பல நிறுத்தங்கள் என்று அது நிதானமாகப் போகிற தடம். இதனால்தான் பிராக்குக்குப் பலர் பஸ் ஏறுகிறார்கள். நெரிசல் இல்லாவிட்டால் பஸ் 5 மணி நேரம் அளவில் போய்ச் சேரும். வெள்ளி மாலை மோட்டார்வேயில் நெரிசல் இல்லாத நாளைத் தேட வேண்டும் என்பது வேறு.

கணக்கை வாசலிலிருந்து வாசலுக்குப் போடுங்கள். உங்கள் அறையிலிருந்து நிலையம், அங்கே காத்திருக்கும் நேரம், பயணம், இறங்கி ஹாஸ்டல் போய்ப் பையை வைப்பது வரை எல்லாம் சேர வேண்டும். பிறகு தூங்கும் நேரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஊரைப் பார்க்க உண்மையில் கையில் உள்ள மணி.

ஓர் உதாரணம். வெள்ளி 2 மணிக்கு வகுப்பு முடிகிறது, 4 மணி அளவில் ரயில். ஞாயிறு இரவு 10 மணிக்குள் மியூனிக்கில் இருக்க வேண்டும்.

வியன்னா: வெள்ளி இரவு 8 மணிக்கு இறங்கி, 9 மணிக்குப் பையை வைத்துவிட்டு வெளியே வந்தால் 2 மணி நேரம். சனி காலை 9 முதல் இரவு 10 வரை 13 மணி நேரம். ஞாயிறு காலை 9 முதல் மாலை 5 வரை 8 மணி நேரம். மொத்தம் 23.

பிராக்: வெள்ளி இரவு போய்ச் சேரவே 10 மணி ஆகும், அன்று பூஜ்யம். சனி அதே 13. ஞாயிறு 3 மணிக்கெல்லாம் மூட்டை கட்ட வேண்டும், அதனால் 6. மொத்தம் 19.

நான்கு மணி நேர வித்தியாசம். உங்கள் வகுப்பு மாலை 6 மணிக்கு முடிகிறது என்றால் வித்தியாசம் இன்னும் உறைக்கும். வியன்னாவுக்கு நள்ளிரவு வாக்கில் போய்விடலாம், பிராக்குக்கு நடுநிசி நன்றாகத் தாண்டித்தான் போய்ச் சேருவீர்கள். உங்கள் நேரத்தைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். அடுத்தவர் போட்ட கணக்கு அவருடைய வகுப்பு அட்டவணைக்குத்தான் பொருந்தும்.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் பிழைகள் சில உண்டு.

இரவு பஸ்ஸை மிச்சம் என்று நினைப்பது ஒன்று. வெள்ளி இரவு 11 மணிக்கு ஏறினால் ஒரு இரவு வாடகை மிச்சம், உண்மைதான். ஆனால் சனி விடிவதற்குள் இறக்கிவிடுவார்கள். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். சரியாகத் தூங்காமல், பையைச் சுமந்துகொண்டு, மூடிய கதவுகளுக்கு முன்னால் நிற்பீர்கள். கணக்கில் சனி 13 மணி என்று எழுதியிருந்தால் அதை 8 என்று திருத்துங்கள்.

விமான நிலையத்தின் பெயரை நம்புவது இன்னொன்று. மலிவு விமானங்கள் இறங்கும் பாரிஸ் போவே நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120. மியூனிக் பெயரைச் சேர்த்து விற்கப்படும் மெம்மிங்கன் மியூனிக்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு மணி நேர விமானம் வாசலுக்கு வாசல் ஆறு மணி நேரம் ஆவது இப்படித்தான். வியன்னா, பிராக் இரண்டுக்குமே மியூனிக்கிலிருந்து விமானத்தை நினைக்க வேண்டியதில்லை.

அப்புறம், சோதனை நேரம். திரும்பும் வழியில் எல்லைச் சோதனைக்காக அரை மணி நேரமாவது கூடுதலாக எழுதிவையுங்கள்.

4. ஊர் கேட்கும் மணியை எழுதுங்கள்

23 பெரிது, 19 சிறிது என்று இங்கே முடித்துவிடக் கூடாது. கையில் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கணக்கு. அந்த ஊர் எவ்வளவு கேட்கிறது என்பது மீதிப் பாதி.

ஒவ்வொரு ஊருக்கும் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைப்பதை எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் மணி.

வியன்னாவில் ஷோன்ப்ருன் அரண்மனையும் தோட்டமும் போய்வர அரை நாள். குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் அருங்காட்சியகம் 3 மணியில் முடித்தால் அவசரமாக முடித்ததாகத்தான் அர்த்தம். க்லிம்ட் ஓவியங்கள் உள்ள மேல் பெல்வெடேர் அரண்மனை 2 மணி. ஸ்டீஃபன் தேவாலயத்தைச் சுற்றிய பழைய நகரம் 3 மணி. ஆபரா என்றால் ஒரு மாலை முழுக்க. இவை தள்ளித் தள்ளி இருப்பதால் மெட்ரோவிலும் ட்ராமிலும் நேரம் போகும். கூட்டிப் பார்த்தால் கையில் உள்ள 23-இல் சாப்பாடு போக மிச்சம் அதிகம் இருக்காது.

பிராக்கின் முக்கிய இடங்கள் ஆற்றின் இரு கரையிலும் நடந்தே போகும் தொலைவில் நெருக்கமாக இருக்கின்றன. கோட்டை 3 முதல் 4 மணி, சார்ல்ஸ் பாலமும் அதன் மேற்குக் கரையும் 2 மணி, பழைய நகரச் சதுக்கமும் வானியல் கடிகாரமும் 2 மணி, யூத அருங்காட்சியகம் 3 மணி, பெத்ரின் குன்று 2 மணி. 19 மணிக்குள் இது தாராளமாக அடங்கும். அதாவது குறைந்த நேரம் கிடைக்கும் ஊர், குறைந்த நேரத்தையே கேட்கிறது. புதியவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

இனி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது சனியா ஞாயிறா, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எழுதுங்கள். சலிப்பான வேலை, ஆனால் இங்கேதான் பயணங்கள் கவிழ்கின்றன.

பிராக்கின் யூத அருங்காட்சியகம், அதைச் சேர்ந்த பழைய தொழுகைக்கூடங்கள், கல்லறை எல்லாம் சனிக்கிழமை மூடியிருக்கும். கோட்டைக்குள் உள்ள புனித வீத்துஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு, பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகுதான் விடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தானாக வந்துவிடுகிறது: கோட்டை சனி, யூதக் குடியிருப்பு ஞாயிறு காலை. மாற்றிப் போட்டவர்கள் இரண்டையும் இழப்பார்கள்.

வியன்னாவில் ஞாயிறு கடைகள் அடைத்திருக்கும், சூப்பர்மார்க்கெட்டும் சேர்த்து. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். நாஷ்மார்க்ட் சந்தையும் ஞாயிறு கிடையாது. ஆனால் பெரிய அருங்காட்சியகங்கள் ஞாயிறு உண்டு. ஆகவே சந்தையும் தெருவும் சனி, அருங்காட்சியகம் ஞாயிறு. பிராக்கில் ஞாயிறும் கடைகள் திறந்திருக்கும்.

வேறு ஊர் யோசிப்பவர்களுக்கு ஒரு வரி: வாடிகன் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான், வாசலில் போய் நின்று பயனில்லை.

கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணை எழுதுங்கள்: கையில் உள்ள மணியிலிருந்து ஊர் கேட்கும் மணியைக் கழித்தது. அந்த எண் மிகச் சிறியதாக இருந்தால் ஓட்டமாக ஓடுவீர்கள். பட்டியலில் ஒன்றை வெட்டுங்கள். வெட்ட மனமில்லை என்றால் அந்த ஊருக்கு மூன்று நாள் விடுமுறை வரும்வரை காத்திருங்கள்.

5. இப்போது பணம்

பணத்தை ஐந்தாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எத்தனை இரவு, எந்த ரயில், எந்த இடங்கள் என்று தெரியாமல் போடும் செலவுக் கணக்கு வெறும் டிக்கெட் விலை ஒப்பீடாகவே முடியும்.

ஐந்து வரி எழுதுங்கள்: போக வர, அறை, உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுக் கட்டணம், சாப்பாடு. மொத்தத்தைக் கையில் உள்ள மணியால் வகுங்கள். 20 யூரோ மலிவான பயணம் ஐந்து மணி நேரத்தைத் தின்றுவிட்டால் அது மலிவு இல்லை.

போக்குவரத்தில் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வியன்னா பக்கம், அது உள்ளூர், வட்டார ரயில்களில் ஆஸ்திரிய எல்லையோரத்தில் உள்ள சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். பிராக் பக்கம், எல்லையில் உள்ள ஃபுர்த் இம் வால்ட் வரை செல்லும். மீதித் தூரத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கினால் செலவு நன்றாகக் குறையும். சால்ஸ்பர்கிலிருந்து வியன்னா சுமார் இரண்டரை மணி நேரம். ஆனால் இப்படித் துண்டு துண்டாகப் போகும்போது முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயில் போய்விட்டால் அது உங்கள் பொறுப்பாகிவிடும். ஒரே டிக்கெட்டாக வாங்கினால் ஐரோப்பிய விதிப்படி 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். என் கருத்து: போகும்போது துண்டு டிக்கெட் பரவாயில்லை, ஞாயிறு திரும்பும்போது ஒரே டிக்கெட்.

ஆஸ்திரியாவில் யூரோ, செக் குடியரசில் கொருனா. பிராக்கில் கார்டு ஏறக்குறைய எங்கும் செல்லும், அதனால் கத்தை கத்தையாக மாற்றிக்கொண்டு போக வேண்டாம். ஏடிஎம்மோ கடை இயந்திரமோ "யூரோவில் பிடிக்கட்டுமா, கொருனாவிலா" என்று கேட்டால் எப்போதும் கொருனா. யூரோ என்று அழுத்தினால் அந்த இயந்திரம் வைத்த மாற்று விகிதத்துக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

மாணவர் சலுகையில் நிபந்தனையைக் கடைசி வரை படியுங்கள். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகம் 18 முதல் 25 வயது வரை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களுக்கு இலவசம், ஆகவே பெர்மிட் உள்ள நம்மவர்களுக்கும் உண்டு. இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களின் 18–25 வயதுச் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. வசிப்பவரா குடிமகனா என்ற ஒரு சொல்லில் முழுக் கட்டணமும் ஏறி இறங்கும். பல்கலைக்கழக அட்டையோடு பெர்மிட்டையும் காட்டத் தயாராக இருங்கள்.

அறை வாடகையில் நகர வரி சேர்ந்திருக்கிறதா, தனியா என்று பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊரில் அது வாடகையில் 12.5 சதவீதம், புறக்கணிக்கும் தொகை இல்லை.

6. வெளிச்சமும் மழையும்

டிசம்பரில் இரண்டு ஊரிலும் மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நடந்து பார்க்கும் ஊருக்கு அது பெரிய இழப்பு, உள்ளே உட்கார்ந்து பார்க்கும் ஊருக்கு ஒன்றுமே இல்லை. பிராக் பெரும்பாலும் வெளியே, வியன்னாவின் பட்டியலில் பாதி கூரைக்குக் கீழே. அதனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வியன்னா, ஏப்ரல் முதல் ஜூன் வரை பிராக் என்பது என் கருத்து. ஜூலை, ஆகஸ்டில் சார்ல்ஸ் பாலத்தில் நகர முடியாது, விடியற்காலையில் போகத் தயார் என்றால் மட்டும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக இரண்டு ஊரிலும் அறை விலை ஏறும். அந்த மாதம் பணத்தை மறுபடி கணக்கிடுங்கள்.

7. கூட வருபவர்கள்

தனியாகப் போனால் இந்தப் படியைத் தாண்டுங்கள்.

குழுவாகப் போனால் "எந்த ஊர் வேண்டும்" என்று கேட்காதீர்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும், யாரும் இறங்கி வர மாட்டார்கள். "இந்த வார இறுதியில் நீ செய்தே ஆக வேண்டியது ஒன்று சொல்" என்று கேளுங்கள். ஒருத்தர் ஓவியம் என்பார், ஒருத்தர் சும்மா நடக்க வேண்டும் என்பார், ஒருத்தர் நன்றாகத் தூங்க வேண்டும் என்பார். அந்தப் பதில்களை நான்காம் படியின் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் ஊர் தானே தெரியும்.

செலவு உச்சவரம்பையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பணம் குறைவாக உள்ளவர் குழுவில் வாய்திறந்து சொல்ல மாட்டார். தனியாகக் கேட்பதுதான் மரியாதை. அந்தக் குறைந்த தொகையே குழுவின் தொகை.

8. முடிவெடுங்கள்

தாளில் இப்போது ஒவ்வொரு ஊருக்கும் மிச்ச மணி, மொத்தச் செலவு, பருவம் மூன்றும் இருக்கும். மூன்றில் இரண்டில் ஒரு ஊர் முன்னால் இருந்தால் அதுதான், பேச்சை முடியுங்கள்.

சமமாக வந்தால் ஒரே கேள்வி: அடுத்த ஆறு மாதத்தில் எந்த ஊருக்குப் போவது கடினமாகும்? தேர்வுக்காலம், பெர்மிட் காலாவதி, ஆபரா மூடும் மாதம் என்று எதனாலோ கதவு அடைபடப் போகும் ஊருக்கு இப்போது போங்கள். மற்றதற்குத் தாளில் எழுதிய மாற்றுத் தேதியைக் கொடுங்கள். தேதி கொடுத்துவிட்டால் விட்டுக்கொடுத்தவரும் சமாதானமாவார்.

இரண்டையும் ஒரே வார இறுதியில் பார்த்துவிடலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். மியூனிக்–வியன்னா 4 மணி, வியன்னா–பிராக் ரயில் இன்னொரு 4 மணி, பிராக்–மியூனிக் ஐந்தரை. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே. இரண்டு நிலையங்களைப் பார்த்துவிட்டு வரலாம். வியன்னாவோடு இன்னொரு ஊர் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் பிராட்டிஸ்லாவா, ரயிலில் ஒரு மணி நேரம்தான். அது கூடுதல் நாள் இருக்கும்போது.

9. பதிவு செய்யும் வரிசை

ரத்து செய்ய முடிந்ததை முதலில், முடியாததைக் கடைசியில். இந்த ஒரு விதி போதும்.

முதலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை. விலையைப் பிடித்து வைத்தாயிற்று, மனம் மாறினாலும் நஷ்டமில்லை. இடம் தேடும்போது நடுமையத்தைவிட, நிலையத்திலிருந்து ஒரே மெட்ரோவிலோ ட்ராமிலோ போய்விடும் இடமா என்று பாருங்கள். வெள்ளி இரவு தாமதமாக இறங்குகிறவர்களுக்கு இது முக்கியம். வியன்னாவில் வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். பிராக்கில் மெட்ரோ நின்ற பிறகு இரவு ட்ராம்கள் உண்டு. ஹாஸ்டலில் இரவு வரவேற்பு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, நேரம் குறித்த நுழைவு டிக்கெட் அந்தத் தேதியில் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்க வேண்டாம், பாருங்கள். ஷோன்ப்ருன், பெல்வெடேர் இரண்டிலும் நேரம் குறித்துத்தான் விடுவார்கள். இடமே இல்லை என்றால் ரயில் டிக்கெட் வாங்குவதற்கு முன் தெரிய வேண்டும்.

மூன்றாவது, ஞாயிறு திரும்பும் ரயில். எல்லாரும் ஒரே மாலையில் திரும்புவதால் அதுதான் முதலில் விலை ஏறும். ரெயில்ஜெட்டில் இருக்கைப் பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் ஞாயிறு மாலைக்குப் போட்டுவிடுங்கள். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இதில் அடிக்கடி குழப்பம் வரும்.

நான்காவது, போகும் ரயில். கடைசியில் நுழைவு டிக்கெட். ஆபராவில் நின்று பார்க்கும் டிக்கெட் குறைந்த விலையில் நிகழ்ச்சி நாளன்றே விற்பனைக்கு வரும், அதை முன்கூட்டி வாங்கத் தேவையில்லை.

10. கிளம்பும் நாளும் திரும்பும் நாளும்

இரண்டு ஊரிலும் தாள் டிக்கெட் வாங்கினால் முதல் பயணத்தில் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்தான். போன் செயலியில் வாங்கினால் ட்ராம் ஏறுவதற்கு முன்பே செயல்படுத்திவிடுங்கள், பரிசோதகரைப் பார்த்த பிறகு செய்வது செல்லாது.

ஜெர்மன் சிம்மின் ரோமிங் இரண்டு நாட்டிலும் வேலை செய்யும். இருந்தாலும் வரைபடத்தையும் டிக்கெட்டையும் போனில் இறக்கி வையுங்கள். எல்லையோரக் காட்டுப் பகுதியில் சிக்னல் போய்ப் போய் வரும், டிக்கெட் பரிசோதகர் சரியாக அப்போதுதான் வருவார்.

ஞாயிறு காலை அறையைக் காலி செய்துவிட்டுப் பையோடு அலையாதீர்கள். ஹாஸ்டலில் விட்டுப் போனால் பெரும்பாலும் இலவசம், ஆனால் திரும்பி வந்து எடுக்க நேரம் ஆகும். கடைசியாகப் பார்க்கும் இடம் ஹாஸ்டலுக்கு எதிர்த்திசையில் இருந்தால் நிலைய லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள்.

திரும்புவதற்கு அன்றைய கடைசி ரயிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதற்கு முந்தையதை எடுங்கள். அது ரத்தானாலும் பின்னால் ஒன்று இருக்கும். கடைசி ரயில் ரத்தானால் நிலையத்திலேயே இரவு, திங்கள் காலை வகுப்பும் போச்சு.